அட்டையில் இருக்கும் வயது யாருடைய வயது?

சிறுவர் வாசிப்பு நூல்கள் பலவற்றின் பின்னட்டையில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். அதற்குள் "வயது 6-8" என்றோ "நிலை 2" என்றோ அச்சிட்டிருப்பார்கள். பள்ளி நூலகத்துக்கோ வகுப்பு அலமாரிக்கோ புத்தகம் வாங்கும்போது நம்மில் பலர் முதலில் பார்ப்பது அதைத்தான். பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும், ஒவ்வொரு புத்தகத்தையும் படித்துப் பார்க்க நேரம் ஏது? வட்டத்தைப் பார்த்தோமா, தலைப்பைக் குறித்தோமா, வேலை முடிந்தது. இந்தக் கட்டுரை அந்த வட்டத்தைப் பற்றியது. தொடக்கநிலை, உயர்நிலை ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன். தேர்வு எழுதப்போகும் மாணவர்களுக்கும் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

வட்டத்தில் இருக்கும் எண் இரண்டு வேறு விஷயங்களை ஒரே முடிச்சில் கட்டிவிடுகிறது. ஒன்று, இந்த மொழியை யாரால் படிக்க முடியும் என்பது. மற்றொன்று, இந்த விஷயம் யாருக்குப் பிடிக்கும் என்பது. நாள் முழுக்கத் தமிழ் காதில் விழும் ஊரில் இந்த இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வளரும். எட்டு வயதுப் பிள்ளைக்கு எட்டு வயதுத் தமிழ் இருக்கும். அந்த ஊருக்காக அச்சிட்ட புத்தகத்தில் அந்த எண் பொய்யில்லை. ஆனால் நம் ஊர் அப்படியா? சிங்கப்பூரில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். தமிழை அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காடு. தமிழ் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வயது ஒன்றாகவும் அவனுடைய தமிழின் வயது வேறாகவும் இருப்பது இங்கே விதிவிலக்கே இல்லை, வழக்கம்.

மலேசியாவில் கணக்கு வேறு மாதிரி. தமிழ்ப்பள்ளியில் தமிழிலேயே பாடம் படிக்கும் பிள்ளை நான்காம் ஆண்டில் சரளமாகப் படிக்கும் புத்தகம், சிங்கப்பூரில் உயர்நிலை ஒன்றில் இருக்கும் ஒரு பிள்ளைக்குத் தடுமாற்றமாக இருக்கலாம். அதே தமிழ்ப்பள்ளி மாணவர் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் தமிழ் ஒரு பாடமாகச் சுருங்கிவிடுகிறது. அதற்கப்புறம் அவருடைய வயது ஒரு வேகத்தில் போகும், தமிழ் வேறொரு வேகத்தில் போகும். ஒரே அட்டை, ஒரே வட்டம், மூன்று நான்கு விதமான வாசகர்கள்.

இதனால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பீர்கள். என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒரு பையன், ஆங்கிலத்தில் தடிமனான கற்பனை நாவல்களைப் படிப்பவன். தமிழில் வரிக்கு வரி எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். அவனுடைய வாசிப்புத் தரத்துக்குப் பொருத்தமாக அவனுக்குக் கிடைத்த புத்தகத்தில் ஒரு முயல் கேரட்டைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தது. மொழி அவனுக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் புத்தகத்தை அவன் கணிதப் பயிற்சி ஏட்டுக்குள் மறைத்துவைத்துப் படித்தான். நண்பர்கள் பார்த்தால் மானம் போய்விடும். "டீச்சர், தமிழ்ல பெரிய பசங்களுக்குக் கதையே இல்லையா?" என்று கேட்டான். அவனுக்குத் தமிழ் வரவில்லை என்பதல்ல சிக்கல். தமிழ் என்றால் குழந்தைத்தனம் என்று அவன் முடிவுகட்ட இன்னும் நான்கைந்து முயல்கள் போதும்.

ஆகவே புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்கிறேன். முதலில் மொழி.

எது எளிய தமிழ்?

படிநிலை நூல்கள் என்ற யோசனை ஆங்கிலத்திலிருந்து நமக்கு வந்தது. அதில் தவறில்லை. ஆனால் அளவுகோலையும் சேர்த்து எடுத்துக்கொண்டோம். இத்தனை சொல் இருந்தால் நிலை 1, இத்தனை சொல் இருந்தால் நிலை 2, வாக்கியம் குட்டையாக இருந்தால் எளிது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தை நம்மில் பலர் பயன்படுத்துகிறோம். இலவசம், படங்கள் அருமை, தமிழில் நிறையக் கதைகள். அதன் நான்கு நிலைகளிலும் சொல் எண்ணிக்கை ஒரு முக்கிய அளவுகோல். நான் பார்த்த பல மொழிபெயர்ப்புகளில் மூலக்கதையின் நிலையே தமிழுக்கும் அப்படியே வந்திருக்கிறது. தமிழில் இந்த அளவுகோல் ஏன் வேலை செய்வதில்லை என்பதற்கு இரண்டு சின்னப் பத்திகளைப் பாருங்கள்.

"பாட்டி கதவைத் திறந்தார். வாசலில் ஒரு பூனை. நனைந்திருந்தது. 'உள்ளே வா,' என்றார்."

"கதவைத் திறந்த பாட்டியின் கண்ணில் பட்டது மழையில் நனைந்தபடி வாசலில் நின்றுகொண்டிருந்த பூனை."

இரண்டிலும் பத்துப் பத்துச் சொற்கள். எண்ணிப் பாருங்கள். முதல் பத்தியைத் தொடக்கநிலை இரண்டில் இருக்கும் பிள்ளை படித்துவிடும். இரண்டாவதில் உயர்நிலை மாணவர்களே திணறுவதைப் பார்த்திருக்கிறேன். கதவைத் திறந்தது யார் என்று கேட்டால் "பூனை" என்று பதில் வரும். அருஞ்சொல் ஒன்றுகூடக் கிடையாது. சிக்கல் எங்கே என்றால், தமிழில் ஒரு பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டிய அத்தனையும் அந்தப் பெயருக்கு முன்னாலேயே வந்து நிற்கும். "நனைந்தபடி", "வாசலில்", "நின்றுகொண்டிருந்த" எல்லாவற்றையும் கையில் பிடித்துக்கொண்டே போய், கடைசியில் பூனை வந்ததும் அதன் தலையில் இறக்கிவைக்க வேண்டும். ஆங்கிலத்தில் படித்துப் பழகிய கண்ணுக்குப் பூனைதான் முதலில் வரும், விவரம் பின்னால் வரும். நம் பிள்ளைகள் தடுமாறுவது அந்த இடத்தில்தான். எனவே ஒரு புத்தகத்தின் நிலையைக் கணிக்க வேண்டுமென்றால் சொல்லை எண்ணாதீர்கள், பெயரெச்சங்களையும் வினையெச்சங்களையும் எண்ணுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒன்று இருந்தால் சரி. இரண்டு வந்தால் வேகம் குறையும். மூன்று வந்தால் நடுநிலை வாசகன் புத்தகத்தை மூடிவிடுவான்.

ஒட்டுச் சொற்களும் இதே கதைதான். "போ" தெரியும், "போகவில்லை" தெரியும். "போகாமலிருந்திருக்கலாம்"? அகராதியைப் பொறுத்தவரை எல்லாம் ஒரே சொல்தான். படிக்கும் பிள்ளைக்கு அது ஒரு ரயில்வண்டி.

வாசிப்பு ஆய்வில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு எண் 98 விழுக்காடு. ஹூ, நேஷன் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு அது. கதையைப் பிறர் துணையில்லாமல் புரிந்து படிக்க, ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். அதாவது ஐம்பதுக்கு ஒன்றுதான் தெரியாமல் இருக்கலாம். ஆங்கில ஆசிரியர்கள் பயன்படுத்தும் ஐந்து விரல் சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் படி, தெரியாத சொல்லுக்கு ஒரு விரலை மடக்கு, ஐந்தும் மடங்கினால் புத்தகம் உனக்குக் கடினம். தமிழ்ச் சிறுவர் நூலில் ஒரு பக்கத்தில் அறுபது சொல் இருந்தாலே அதிகம். அப்படியானால் ஐந்து விரல் என்பது கொடுமை. ஒரு விரல் போதும், போனால் போகட்டும் என்று இரண்டு விரல். அதையும் பிள்ளையிடம் "தெரியுமா?" என்று கேட்டுச் செய்யாதீர்கள், "தெரியும்" என்றுதான் சொல்லும். நடுப்பக்கம் ஒன்றை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறது, எங்கே திரும்பிப் போகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தில் நிற்காது, வால் பகுதியில்தான் நிற்கும்.

சின்னப் பிள்ளைகளுக்கு வேறொரு கணக்கு உண்டு. அவர்களுடைய மலை எழுத்து. "பூனை" எளிய சொல் என்று நினைத்து முதல் நிலைப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் பூனையை உட்காரவைக்கிறோம். ஆனால் அந்த இரண்டெழுத்துச் சொல்லில் ஒரு ஊகாரக் குறியும் ஒரு ஐகாரக் குறியும் இருக்கின்றன. உகர ஊகாரக் குறிகள் எழுத்துக்கு எழுத்து உருமாறுபவை. கு, சு, து, பு, மு என்று எழுதிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். ஐகாரக் குறியோ எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். கொ, கோ இரண்டும் மெய்யை இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும். மாறாக "நகரம்", "மரம்", "கடல்" எல்லாம் எழுத்துக்கூட்ட எளிது, அவற்றில் ஒன்றிரண்டு பிள்ளைக்குப் புதிய சொல்லாகவே இருந்தாலும் சரி. முதல் நிலை நூல் எழுதுபவர்கள் சொல்லின் பழக்கத்தை மட்டும் பார்க்கிறார்கள், எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. வாங்கும் நாமாவது பார்க்கலாம். ஒரே குறி ஒரு பக்கத்தில் பலமுறை திரும்பத் திரும்ப வருகிற புத்தகமா என்று பார்த்து எடுத்தால், தொடக்கநிலை ஒன்றில் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, ஆசிரியர் சத்தமாகப் படித்துக் காட்டுவது.

யாருமே பேசாத பேச்சு

இது என் பழைய கோபம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு படிநிலை நூலில் அம்மா மகனிடம் சொல்கிறார்: "மகனே, உன் காலணிகளை அணிந்துகொள். நாம் பேரங்காடிக்குச் செல்லலாம்." ஈசூனிலோ கிள்ளானிலோ எந்த அம்மாங்க இப்படிப் பேசுவாங்க? "ஷூ போட்டுக்கோ, கடைக்குப் போலாம்" என்பதுதான் அந்தப் பிள்ளை காலையில் கேட்டுவிட்டு வந்த தமிழ். அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ் அதுதான், அதையும் புத்தகம் கண்டுகொள்ளாமல் போகிறது. வீட்டில் அவன் கேட்கும் தமிழ் குறைந்துகொண்டு வரும் காலத்தில், இருக்கும் கொஞ்சத்தையும் பக்கத்தில் காட்டாவிட்டால் அவன் எதைப் பிடித்துக்கொண்டு ஏறுவான்?

எடுத்துரைப்பு எழுத்துத்தமிழில் இருக்கட்டும், உரையாடல் நல்ல பேச்சுத்தமிழில் இருக்கட்டும். இதுதான் என் நிலைப்பாடு. 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு சிங்கப்பூரில் பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் முறையான இடம் இருக்கிறது. வாய்மொழித் தேர்வுக்கு அதைத்தான் பழக்குகிறோம். வாசிப்பு நூல்கள்தான் இன்னும் அந்தப் பக்கம் சரியாகத் திரும்பவில்லை. "பேச்சுத்தமிழை அச்சில் பார்த்தால் கட்டுரையிலும் அப்படியே எழுதிவிடுவார்கள்" என்று சில மூத்த ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை, திருத்தும் தாள்களில் "வந்துட்டாங்க" வரத்தான் செய்கிறது. ஆனால் அப்படி எழுதும் பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்து எழுதுவதில்லை. அவர்கள் புத்தகமே படிப்பதில்லை. காதில் விழுந்ததை எழுதுகிறார்கள். ஒரே பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் "எங்க போறீங்க?" என்றும், வெளியே "என்று கேட்டான்" என்றும் நூறு முறை பார்த்தவனுக்குக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நீதி சொல்லும் வால்

சூஸ் எழுதிய தொப்பிப் பூனை கதை 1957இல் வந்தது. 236 வெவ்வேறு சொற்களை மட்டும் வைத்து எழுதியது. மூன்று ஆண்டு கழித்து வந்த பச்சை முட்டைக் கதையில் ஐம்பதே சொற்கள். இதைச் சொன்னதும் "பார்த்தீர்களா, சொல்லைக் குறைத்தால் பிள்ளைகள் படிப்பார்கள்" என்று முடித்துவிடுகிறோம். சொல் குறைவு என்பதற்காகப் பிள்ளைகள் அதைப் படிக்கவில்லை. அம்மா வெளியே போயிருக்கும் நேரத்தில் வீட்டைத் தலைகீழாக்குகிறது ஒரு பூனை, அம்மா வருவதற்குள் என்ன ஆகும் என்பதற்காகப் படித்தார்கள். நம் குறைசொல் நூல்களில் பூனை பால் குடிக்கும், நன்றி சொல்லும், கடைசிப் பக்கத்தில் "பகிர்ந்து உண்போம்" என்று இருக்கும். அதற்குக் கீழே நான்கு கேள்விகள். கருத்தறிதல் பகுதியைக் கதைப் புத்தகத்தின் வாலில் கட்டிவிட்டால் அது கதைப் புத்தகமாக இருக்குமா? மூன்றாம் பக்கத்தில் நிறுத்தி, "அப்புறம் என்ன ஆகும்?" என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். தோளைக் குலுக்கினால் அந்தப் புத்தகம் வேண்டாம், எத்தனை எளிதாக இருந்தாலும் வேண்டாம்.

எண்ணிக்கை மோகமும் இதோடு சேர்ந்ததுதான். மலேசியப் பள்ளிகளில் 1999 முதல் இருக்கும் நிலாம் வாசிப்புத் திட்டத்தின் நோக்கம் நல்லது. ஆனால் எங்கே புத்தகத்தை எண்ணத் தொடங்குகிறோமோ, அங்கே மெல்லிய புத்தகத்துக்குத்தான் கிராக்கி. சிங்கப்பூரில் வாசிப்பு அட்டைகளிலும் இதையே பார்க்கிறேன்.

பெரிய பிள்ளைகளுக்கு என்னதான் கொடுப்பது?

முயலை மறைத்துவைத்த பையனிடம் திரும்பி வருகிறேன். தமிழில் இளையருக்காகவே எழுதிய எளிய நூல்கள் குறைவு என்பது உண்மை. அதற்காகச் சிறுவர் அலமாரியிலேயே தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பெரியவர்களுக்காக எழுதப்பட்டு, மொழி தெளிவாக இருக்கும் படைப்புகளுக்குப் போங்கள். 1950களில் மலாயாவில் தமிழ் நேசனில் பணியாற்றிய கு. அழகிரிசாமி எழுதிய "அன்பளிப்பு" என்னுடைய முதல் தேர்வு. பத்திரிகையில் வேலை செய்யும் ஒருவரைத் தெருப் பிள்ளைகள் புத்தகம் கேட்டு மொய்க்கிறார்கள். அவர் இருவருக்கு டைரி கொண்டுவந்து கொடுக்கிறார். ஓரமாக நிற்கும் சாரங்கனுக்கு இல்லை. அதற்கப்புறம் சாரங்கன் என்ன செய்கிறான் என்பதுதான் கதை. நிகழ்ச்சியைப் பத்து வயதுப் பிள்ளை புரிந்துகொள்ளும். அது எங்கே வலிக்கிறது என்பது பதினான்கு வயதில்தான் தெரியும். எடுத்துரைப்பு பெரும்பாலும் நேரானது. "புஸ்தகம்" போன்ற பழைய எழுத்துமுறையை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் போதும். நீளம்தான் தடை, மூன்று அமர்வாகப் பிரித்துக்கொள்ளலாம். அவருடைய "ராஜா வந்திருக்கிறார்" கதையும் அப்படித்தான். யாரிடம் என்ன இருக்கிறது என்று போட்டி போடும் பிள்ளைகளில் தொடங்கும் அந்தக் கதையைக் கைப்பேசி ஒப்பிடும் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

தெட்சுகோ குரோயாநாகியின் "டோட்டோ-சான்" தமிழில் கிடைக்கிறது. பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருக்கும் பள்ளி. அத்தியாயங்கள் சின்னவை, ஒரு பாடவேளையில் இரண்டு முடிந்துவிடும். இரா. நடராசனின் "ஆயிஷா" இன்னும் சிறியது, இன்னும் கனமானது. கேள்வி கேட்டு அடிவாங்கும் ஒரு மாணவியின் முடிவு மிகக் கொடியது, அதனால் உயர்நிலை நான்குக்கு மேல்தான் கொடுப்பேன். கொடுப்பதற்கு முன் ஆசிரியர் தனியாக ஒருமுறை படிக்க வேண்டும். முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியது, "இரும்புக்கை மாயாவி"யோடு. அதன் தமிழ் எளிமையானது என்று சொல்லமாட்டேன், சில இடங்களில் மேடைப்பேச்சு மாதிரி இருக்கும். ஆனாலும் பையன்கள் விடமாட்டார்கள். படம் பாதிச் சுமையைத் தூக்கிக்கொள்கிறது.

சுருக்கப் பதிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2022இல் திரைப்படம் வந்த பிறகு "பொன்னியின் செல்வன்" கேட்டு வராத வகுப்பே இல்லை. ஐந்து பாகத்தை யார் படிப்பது என்று நாமே சுருக்கப் பதிப்பை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். நான் புரட்டிய சிலவற்றில் நிகழ்ச்சிகள் எல்லாம் இருந்தன, பேச்சு போய்விட்டது. ஆழ்வார்க்கடியானின் குறும்பு இல்லை, வந்தியத்தேவன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளும் சுவை இல்லை. யாருக்கு யார் என்ன உறவு என்ற பட்டியல்தான் மிச்சம். கல்கியின் மொழி உண்மையில் கடினமில்லை, நீளம்தான் கடினம். முழுக்கதையின் சாரத்தைக் கொடுப்பதைவிட, வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு நாளில் ஏரிக்கரையில் குதிரையில் வரும் தொடக்கத்திலிருந்து மூலத்தின் நான்கைந்து அத்தியாயங்களை மட்டும் கொடுங்கள். மேலே போவதும் போகாததும் அவர்கள் விருப்பம்.

2024 முதல் உயர்நிலை ஒன்றில் ஜி1, ஜி2, ஜி3 என்று பாடநிலைகள் வந்துவிட்டன. ஒரே வயதுப் பிள்ளைகள் வேறு வேறு தமிழ்நிலையில் இருப்பார்கள் என்பதை அமைப்பே ஒப்புக்கொண்டுவிட்டது. நம் அலமாரிகள்தான் இன்னும் வயதுவாரியாக நிற்கின்றன. வட்டத்தின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, மொழிக்கு ஒரு நிறம், விஷயத்துக்கு ஒரு நிறம் என்று பிரிக்க ஒரு பிற்பகல் போதும். மாணவர்களையே செய்யச் சொன்னால் அதுவும் ஒரு வாசிப்பு.

தேர்வு எழுதப்போகும் மாணவர்களே, உங்களிடம் இவ்வளவுதான். மரபுத்தொடர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதை நிறுத்தச் சொல்லவில்லை, அது தனி. ஆனால் கருத்தறிதலில் நீங்கள் மதிப்பெண்ணை இழப்பது பெரும்பாலும் அருஞ்சொல்லால் அல்ல. மேலே வந்த நனைந்த பூனை மாதிரி வாக்கியங்களில் யார் எதைச் செய்தார் என்பது நழுவிப்போவதால்தான். அதற்கு மருந்து கடினமான நூல் இல்லை. உங்களுக்குச் சற்று எளிதாகவே தோன்றும் கதையை, அகராதியைத் தொடாமல், நிறையப் படிப்பது. ஒரு நாளைக்கு நான்கு பக்கம். தெரியாத சொல்லைத் தாண்டிப் போங்கள், வினைமுற்று வரும்வரை கண்ணை நிறுத்தாதீர்கள். கதை பிடிக்கவில்லையா, பத்தாம் பக்கத்தில் மூடிவிட்டு வேறு எடுங்கள், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். தேசிய நூலக வாரியக் கிளைகளில் தமிழ்ப் பகுதி எங்கே இருக்கிறதோ, அங்கே சிறுவர் அலமாரியைக் கடந்து சிறுகதை அலமாரிக்குப் போங்கள். "அ" வரிசையில் தேடினால் அழகிரிசாமி பெரும்பாலும் கிடைப்பார்.